ஓலைத்தொப்பிக் காவலனைக் கடப்பது எப்படி: ஷேடோ டாக்டிக்ஸ் விளையாட்டு குறித்த என் மதிப்பீடு

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிந்து வீட்டில் இருந்த அக்காள் மகனுக்காகத்தான் 'ஷேடோ டாக்டிக்ஸ்: பிளேட்ஸ் ஆஃப் தி ஷோகன்' என்ற கணினி விளையாட்டைத் தள்ளுபடியில் வாங்கினேன். சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாலை மழை பிடித்துக்கொண்டால் இணையம் அடிக்கடி அறுந்துவிடும். ஆகவே ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஆடக்கூடிய, அவசரமில்லாமல் யோசித்து ஆட வேண்டிய ஒன்றாகத் தேடியபோது இது கிடைத்தது. இரண்டு மாதங்களாக இருவரும் மாறி மாறி ஆடி, பதின்மூன்று கட்டங்களையும் முடித்துவிட்டோம். மறைந்து தாக்கும் விளையாட்டுகளில் எதிரிகளை இவ்வளவு நேர்மையாக வடிவமைத்த வேறொன்றை நான் ஆடியதில்லை.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் இயங்கிய மிமிமி கேம்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது; 2016 டிசம்பரில் வெளிவந்தது. கதை 1615ஆம் ஆண்டின் ஜப்பானில் ஒசாகா கோட்டை முற்றுகையோடு தொடங்குகிறது. கோட்டையையும் ஊரையும் மேலிருந்து பார்த்தபடி, நிஞ்சாவான ஹயாடோ, திருடிப் பிழைக்கும் சிறுமி யூகி, சாமுராய் முகென், மாறுவேடத்தில் தேர்ந்த ஐகோ, மரக்கால் கொண்ட முதியவர் டகுமா ஆகிய ஐவரை நாம் நடத்திச் செல்ல வேண்டும். 1998இல் ஸ்பெயினிலிருந்து வந்த 'கமாண்டோஸ்' விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும்.

எதிரிகள் பெரும்பாலும் மூன்றே வகையினர். ஒவ்வொருவருக்கும் பார்வை எல்லை ஒன்று உண்டு. அவனைச் சொடுக்கினால் அவன் பார்க்கும் பரப்பு பச்சை விசிறியாகத் தரையில் விரியும். விசிறியின் அழுத்தமான பகுதியில் யார் நின்றாலும் தெரிந்துவிடும். கோடுகள் இட்ட பகுதியில் குனிந்து நகர்ந்தால் தெரியாது. அகப்பட்ட கணமே கூச்சல் எழுவதில்லை. அவன் காலடியிலிருந்து மஞ்சள் நிறம் நம்மை நோக்கி ஊர்ந்து வரும். அது நம்மைத் தொடுவதற்குள் விலகிவிட்டால் தப்பிக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவனுடைய விசிறியை மட்டுமே பார்க்க முடியும் என்பதால், பக்கத்துக் காவலனை மறந்துவிட்டு ஓடி மாட்டிக்கொள்வதே புதியவர்களின் முதல் தவறு. அதற்கு மாற்றாக, நாம் நிற்கப்போகும் இடத்தில் ஒரு கண் அடையாளத்தை வைத்தால், அந்த இடத்தை எவரெவர் பார்க்கிறார்கள் என்பதை விளையாட்டே காட்டிவிடும். இதைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

முதல் வகையினரான சாதாரணக் காவலர்கள் எளிதில் ஏமாறுவார்கள். முகென் ஒரு சாக்கே மதுக்குடுவையை வீசினால் அதை எடுக்க வருவார்கள். யூகி குழல் ஊதினால் சத்தம் வந்த திசைக்கு நடந்து வருவார்கள். அவள் வழியிலே பொறியை வைத்திருந்தால் அதோடு முடிந்தார்கள். பனி கொட்டிய கட்டங்களில் நம் காலடித் தடத்தையும் பின்தொடர்வார்கள். அதை இடையூறு என்று எண்ணாமல், வேண்டுமென்றே தடம் பதித்து புதர் வரை கூட்டி வருவதற்குப் பயன்படுத்தலாம். இவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த விளையாட்டின் உயிர் ஓலைத்தொப்பி அணிந்த இரண்டாம் வகையினரிடம் இருக்கிறது. கண்ணெதிரே ஆளைக் கண்டால் துரத்துவானே தவிர, வெறும் மதுக்குடுவைக்காகவோ குழலோசைக்காகவோ ஓலைத்தொப்பிக்காரன் நிற்கும் இடத்தை விட்டு அசையமாட்டான். முதல் இரண்டு கட்டங்களில் பழகிய தந்திரங்கள் எல்லாம் அவன் முன்னால் செல்லாமல் போகும்போது, பையன் சலித்துப்போய் மடிக்கணினியை மூடிவிட்டான். எனக்கோ அந்தக் காவலனைப் பார்த்ததும் என் அப்பா நினைவுக்கு வந்தார். பால்மரத் தோட்டத்தில் உரக் கிடங்குக்கு அவர் இரவு ஜாகாவாக (காவலாளியாக) இருந்தார். சிறுவர்கள் நாங்கள் பக்கத்து ரம்புத்தான் மரத்தில் ஏறுவதற்காகத் தகரக்கூரை மீது கல்லெறிந்து அவரைத் திசைதிருப்பப் பார்ப்போம். சத்தம் வந்த பக்கம் டார்ச்லைட்டை அடித்துப் பார்ப்பாரே தவிர, கதவை விட்டு ஓரடி நகரமாட்டார். ஆனால் அந்த வெளிச்சம் கூரைப் பக்கம் திரும்பியிருக்கும் சில நொடிகள் எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

ஓலைத்தொப்பிக்காரனுக்கும் வழி இதுதான். அவன் காலை நகர்த்த முடியாது, கண்ணைத் திருப்ப முடியும். ஹயாடோ எறியும் கல் அவன் பார்வையை ஒரு மூச்சு நேரம் வேறு பக்கம் இழுக்கும். ஐகோவின் தும்மல் பொடி அவன் பார்வை எல்லையைச் சற்று நேரம் சுருக்கிவிடும். கட்டத்தில் எங்காவது கிமோனோ என்ற ஜப்பானிய உடை ஒன்றைத் திருடி அணிந்துவிட்டால், அவள் நேராகவே போய்ப் பேச்சுக்கொடுத்து அவன் முகத்தைத் தனக்குச் சாதகமான பக்கம் திருப்பி வைக்கலாம். எனவே, முதலில் அவனைச் சுற்றி நடமாடும் சாதாரணக் காவலர்களை ஒவ்வொருவராகக் குறைத்துவிட்டு, அவனைக் கடைசியில் வைத்துக்கொள்வதே சரியான வரிசை. எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்தவன் பையன்தான். "மாமா, தொப்பிக்காரனை விடுங்க, அவன் எங்கயும் போகமாட்டான். அந்த நடக்குறவன முதல்ல பாருங்க" என்றான்.

ஒருவரை ஒருவர் பார்த்தபடி இரண்டு தொப்பிக்காரர்கள் நிற்கும் இடங்கள்தாம் கடினமானவை. ஒருவன் விழுந்தால் மற்றவன் கூவுவான். அருகிலுள்ள வீட்டிலிருந்து கூடுதல் காவலர்கள் கொட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு செயலை முன்கூட்டியே குறித்துவைத்து, ஒரே விசையில் எல்லாவற்றையும் சேர்த்து நிகழ்த்தும் வசதி இங்கேதான் கைகொடுக்கிறது. ஹயாடோ கூரையிலிருந்து ஷூரிகென் என்ற எறிகத்தியை வீச, அதே நொடியில் டகுமா தொலைவிலிருந்து சுட, இரண்டு உடல்களும் ஒன்றாகச் சாய்ந்ததைப் பார்த்தபோது நாங்கள் இருவரும் ஏறக்குறைய நாற்பது முறை தோற்றிருந்தோம். எறிந்த ஷூரிகெனை உடலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும் என்பதையும், டகுமாவின் குண்டுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதையும் மறந்துவிட வேண்டாம். சாதாரணக் காவலன்மீது அந்தக் குண்டை வீணாக்குவது பிற்பாடு வருத்தப்பட வைக்கும்.

மூன்றாம் வகையினரான சாமுராய்கள் பார்வைக்கு அச்சமூட்டினாலும், தொப்பிக்காரர்களைவிட இவர்களைத் தீர்ப்பது எளிது என்பது என் கருத்து. ஐகோவின் மாறுவேடத்தை இவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்; சாதாரணமான ஒரு வெட்டுக்கு வீழமாட்டார்கள். ஆனால் முகென் கையில் வாளோடு அருகே போனால் தனியாகவே முடித்துவிடுவான். அவன் இல்லாத கட்டங்களில், துப்பாக்கியால் சுட்டு நிலைகுலைய வைத்து, அவர்கள் எழுவதற்குள் இன்னொருவர் வெட்டிவிட வேண்டும். கைத்துப்பாக்கியின் சத்தம் சுற்றுவட்டத்தில் உள்ளவர்களைக் கூட்டிவிடும் என்பதால், சாமுராயைத் தொடும் முன் அந்த வட்டத்திற்குள் வேறு எவரும் இல்லாதபடி பார்த்துக்கொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. தோற்பதும் பழைய நிலைக்குத் திரும்புவதுமாகவே பாதி நேரம் போகும். கடைசியாகச் சேமித்து ஒரு நிமிடம் கடந்தால் திரையில் நினைவூட்டல் தோன்றும் அளவுக்கு, அடிக்கடி சேமிப்பதை விளையாட்டே எதிர்பார்க்கிறது. பிற்பகுதிக் கட்டங்கள் மிக நீளமானவை. ஒன்றுக்கே எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. வேலைநாள் இரவில் தொடங்க வேண்டாம். தமிழ் உரை இல்லை. ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்துமாக வைத்து ஆடினோம், அது காட்சிக்குப் பொருத்தமாகவே இருந்தது. வாளும் இரத்தமும் நிறைந்தது என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது.

மிமிமி நிறுவனம் 2020இல் 'டெஸ்பராடோஸ் 3', 2023 ஆகஸ்டில் 'ஷேடோ கேம்பிட்' ஆகிய விளையாட்டுகளைக் கொண்டுவந்தபின், அதே மாதத்தில் தான் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. இந்தக் கைகளிடமிருந்து இனி இப்படியொன்று வராது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வாங்க நினைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். ஐகோவை முதன்மைப்படுத்தி 2021இல் வந்த 'ஐகோஸ் சாய்ஸ்' தனியாகவே ஓடும் என்றாலும், தொப்பிக்காரனைப் பழகாமல் அதற்குள் நுழைந்தால் முதல் முற்றத்திலேயே திணறிப்போவீர்கள். அக்காள் மகன் இந்த வாரம்தான் அதைத் தொடங்கியிருக்கிறான்.