ஆண்டுத் தணிக்கையா, நிதிநிலை ஆய்வா?

கலிபோர்னியாவில் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) நிதி நிர்வாகத்தைச் சோதிக்க இரண்டு வழிகள். ஆண்டுத் தணிக்கை கட்டாயம். ஜூன் 30-இல் முடியும் நிதியாண்டுக்கான அறிக்கை டிசம்பர் 15-க்குள் போய்ச் சேர வேண்டும். இன்னொன்று, 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, பள்ளி மாவட்டங்களின் நிதி நெருக்கடிக்கு உதவும் ஃபிக்மாட் (FCMAT) குழு நடத்தும் நிதிநிலை ஆய்வு.

தணிக்கையாளர் மாதிரி எடுத்துத்தான் பார்ப்பார். மாணவர் மன்ற நிதியில் 214-க்கு அடுத்த ரசீது 219 என்றால், நடுவில் உள்ளவை எங்கே என்று கேட்பார். வருகைப் பதிவையும் துருவுவார். மாநிலப் பணம் அதை வைத்துத்தானே வருகிறது. ஆனால் எல்லாம் முடிந்துபோன ஆண்டின் கதை.

ஆய்வு முன்னோக்கிப் பார்க்கும்: நடப்பாண்டுக்கும் அடுத்த 2 ஆண்டுகளுக்கும் பணம் தாங்குமா? அடிக்கடி இடறுவது பணியிடக் கணக்கில். பணியாளர் பிரிவு ஆளை நியமித்திருக்கும், பட்ஜெட்டில் அந்தப் பணியிடமே இருக்காது. ஒருமுறை மட்டும் வரும் மானியத்தில் நிரந்தரச் சம்பளம் கொடுப்பது அடுத்த பொறி.

'குறையில்லை' என்ற தணிக்கைக் கருத்தைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கணக்கு சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள், கையிருப்பு போதும் என்றல்ல. மாணவர் எண்ணிக்கை சரியும் மாவட்டம் ஆய்வைக் கேட்டு வாங்குவதே நல்லது. அதற்கு முன் பணியிடப் பட்டியலையும் சம்பளப் பட்டியலையும் வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள்.