கைச் சுற்றளவு நாடா: மலிவான கருவி, அளப்பவர் கை பழக வேண்டும்

சென்னை கண்ணகி நகர் மாதிரி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடி மாடியாக ஏறி, 6 மாதம் முதல் 5 வயதுக்குள்ளான பிள்ளைகள் ஊட்டமில்லாமல் மெலிந்திருக்கிறார்களா என்று பார்க்க, எடை மெஷினைவிட இந்த மூவண்ண நாடாதான் கைகொடுக்கும். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, கடும் மெலிவு. 12.5க்குக் கீழே மஞ்சள், மிதமான மெலிவு. அதற்கு மேல் பச்சை, மெலிவில்லை.

பிழை வருவது அளக்கும் விதத்தில். இடது கையை மடக்கி, தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு அளவெடுங்கள். சட்டைக்கு மேலே சுற்றினால் மெலிந்த பிள்ளையும் பச்சையில் விழும். இறுக்கினால் நல்ல பிள்ளையும் மஞ்சளுக்கு வந்துவிடும். இழுபட்டு நீண்ட நாடாவைத் தூக்கிப் போடுங்கள்.

வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளையை இது காட்டாது; பெரிய குறை. இரு பாதமும் வீங்கியிருந்தால் பச்சையை நம்பாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.