பென்னி கார்ட்டரின் ஆரம்பப் பதிவுகள்: எந்த வடிவில் வாங்குவது?

அமெரிக்க ஜாஸ் கலைஞர் பென்னி கார்ட்டர் 1930களில் பதிந்தவற்றை ஒழுங்காகக் கேட்க நினைப்பவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஸ்ட்ரீமிங்கில் கேட்கலாம். அந்தக் காலத்து, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்கு இசைத்தட்டுகளையே தேடிப் பிடிக்கலாம். ஆண்டு வரிசையில் எல்லாவற்றையும் தொகுத்த சிடிகளை வாங்கலாம். அல்லது, உருப்படிகள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று, பழைய தட்டிலிருந்து ஒலியைப் பொறுமையாக எடுத்துத் தந்த சிடிகளாகவும் எல்.பி.களாகவும் (பிற்கால வினைல் இசைத்தட்டுகள்) பார்த்துச் சேர்க்கலாம். நான் நான்காவது வழியில் போனேன். மூன்றாவதை இடைவெளி நிரப்ப மட்டும் வைத்திருக்கிறேன். தெரிந்த ரசிகர்கள் பலரும் இதற்கு நேர்மாறாகத்தான் ஆலோசனை சொல்கிறார்கள் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்ட்டரைப் பற்றிச் சுருக்கமாக. 1907இல் நியூயார்க்கில் பிறந்து 2003இல் லாஸ் ஏஞ்சலஸில் மறைந்தவர். முக்கிய வாத்தியம் ஆல்டோ சாக்ஸபோன். ட்ரம்பெட்டிலும் அதே அளவு கை உண்டு. ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவுக்கு இசைக்கோர்ப்பு எழுதினார், 1931இல் மெக்கின்னிஸ் காட்டன் பிக்கர்ஸ் குழுவை ஏற்று நடத்தினார், 1932இல் நியூயார்க்கில் சொந்தக் குழு தொடங்கினார். 1935இல் ஐரோப்பா போய், பாரிஸில் வாசித்து, 1936இல் லண்டனில் ஹென்றி ஹாலின் பிபிசி நடனக் குழுவுக்கு இசைக்கோர்ப்பாளராக இருந்தார். 1938இல் திரும்பி வந்து மறுபடியும் பெரிய குழு அமைத்தார்.

இந்த அலைச்சல்தான் வாங்குகிறவர்களுக்குத் தலைவலி. நியூயார்க், லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹேக், பாரிஸ் என்று ஊர் ஊராகப் பதிவு. கொலம்பியா, வொகாலியன், டெக்கா, ஸ்விங், ப்ளூபேர்ட் என்று கம்பெனி கம்பெனியாக உரிமை. ட்யூக் எலிங்டனுக்குப் போடுவதுபோல ஒரே கம்பெனி தன் கிடங்கைத் திறந்து பெரிய பெட்டியாகப் போட இவர் விஷயத்தில் வழியில்லாமல் போனது.

ஸ்ட்ரீமிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, கைக்கெட்டும் தூரம், அறிமுகத்துக்குப் போதும். ஆனால் யார் வாசித்தார்கள், எந்த ஆண்டு என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. கார்ட்டருக்கு இது பெரிய குறை. 1939இல் பதிந்த 'மோர் தேன் யூ நோ'வில் அவர் ட்ரம்பெட் வாசிக்கிறார். 1936 லண்டன் பதிவான 'நைட்ஃபால்'இல் டெனர் சாக்ஸபோன். விவரம் இல்லாமல் கேட்டால் வேறு யாரோ என்று கடந்துபோய்விடுவோம். அப்புறம், 1937இல் பாரிஸில் டெனர் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸோடு சேர்ந்து பதிந்த 'கிரேஸி ரிதம்', 'ஹனிசக்கிள் ரோஸ்' இரண்டையும் அதே இருவரும் 1961இல் 'ஃபர்தர் டெஃபினிஷன்ஸ்' ஆல்பத்துக்காக மறுபடி பதிந்தார்கள். அதுவும் அருமையான ஆல்பம்தான். ஆனால் தேடும்போது எது எதுவென்று தெரியாமல் குழம்ப இடமிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை வெகு காலம் 50 ஆண்டுகளே இருந்ததால், 1930களின் பதிவுகளை 1990களுக்குள் யார் வேண்டுமானாலும் அங்கே வெளியிட முடிந்தது. அப்படிக் குவிந்த மலிவுத் தொகுப்புகளில் பல, வேறொருவர் எடுத்த ஒலியின் நகல். அந்த நகலின் நகல்கள்தான் இன்று ஸ்ட்ரீமிங்கில் அதிகம் கிடைக்கின்றன.

78 தட்டு வைத்திருப்பவர்கள் அதன் ஒலிக்கு ஈடில்லை என்பார்கள். நான் பிறர் வீட்டில் கேட்டதோடு சரி. அந்த அளவில் என் கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள தட்டில் சாக்ஸபோனின் ஒலி அறைக்குள்ளேயே நிற்பதுபோல இருந்தது என்பது உண்மை. ஆனால் பராமரிப்பு லேசுப்பட்டதல்ல. எல்.பி. ஊசி இதற்கு ஆகாது. பள்ளம் அகலம் என்பதால் ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனான ஊசி வேண்டும். ஆல்கஹால் கலந்த திரவத்தில் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகும். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பதென்றால் அந்தக் கவலை வேறு. பதியும்போது கீழ், மேல் ஒலிகளை ஏற்றி இறக்கும் அளவு, அதாவது ஒலிச் சமன்பாடு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், 1950களில் பொதுவாக்கப்பட்ட ஆர்ஐஏஏ முறைக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயரில் போட்டால் கீழ், மேல் அளவுகள் பிசகித்தான் கேட்கும். இதற்கெல்லாம் மனமும் இடமும் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம்.

சரி, உண்மையான போட்டி மூன்றாவதற்கும் நான்காவதற்கும்தான்.

ஆண்டு வரிசைத் தொகுப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிரான்சில் ஜில் பேத்தார் தொடங்கிய 'க்ளாசிக்ஸ்' வரிசை. கார்ட்டரின் பதிவுகள் 1929இலிருந்து அதில் சிடி சிடியாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நாள், ஊர், வாசித்தவர்கள் பெயர் எல்லாம் உண்டு. 1934 டிசம்பர் பதிவில் டெனர் சாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டர் வந்து சேர்வதையும், 1936இல் லண்டனில் எலிசபெத் வெல்ச் பாட 'வென் லைட்ஸ் ஆர் லோ' முதன்முதலாகப் பதிவாவதையும், ஜாஸில் வால்ட்ஸ் தாளம் அபூர்வமாக இருந்த அதே ஆண்டில் 'வால்ட்ஸிங் த ப்ளூஸ்' வருவதையும், 1937இல் ஹாலந்தில் பல நாட்டு, பல நிறத்துக் கலைஞர்களைச் சேர்த்து ஒரே குழுவாக அவர் நடத்தியதையும் வரிசையாகப் பின்தொடரலாம். இந்த வசதி வேறு எதிலும் கிடையாது. மாற்று டேக்குகளை, அதாவது அதே உருப்படியை மறுபடி வாசித்துப் பதிந்தவற்றை, சேர்க்கவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களுக்குக் குறை. என்னைப்போல் கேட்பவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. வரிசை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் பழைய சிடி விற்பவர்களிடம்தான் தேட வேண்டும்.

ஆனாலும் நான் இதை முதலில் வைக்கவில்லை. இந்த மாதிரிப் பெருந்தொகுப்புகளில் ஒலி, கையில் கிடைத்த மூலத்தைப் பொறுத்தது. ஒரு உருப்படி தெளிவாக இருக்கும், அடுத்தது கம்பளி போர்த்தியதுபோல மங்கும். வேறு கலைஞர் என்றால் சகித்துக்கொள்ளலாம். லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட் எந்த மோசமான நகலையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கார்ட்டரின் கலை அப்படிப்பட்டதல்ல.

அவருடைய தனித்தன்மை சாக்ஸபோன் பிரிவுக்கு அவர் எழுதும் விதத்தில் இருக்கிறது. 1933 அக்டோபரில் பதிந்த 'சிம்ஃபனி இன் ரிஃப்ஸ்' கேளுங்கள். நான்கு சாக்ஸபோன்கள் சேர்ந்து ஒரு நீண்ட வரியை வாசிக்கின்றன. ஒரே ஆள் மனோதர்மமாக வாசிப்பதுபோல அந்த வரி ஓடுகிறது, வளைகிறது, சட்டென்று நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடியில் மூன்று குரல்கள் சேர்ந்து நகர்கின்றன. மேல் வரி மட்டும் கேட்டால் இனிமையான மெட்டு, அவ்வளவுதான். நடுக்குரல்கள் கேட்டால்தான் கார்ட்டர் யாரென்று தெரியும்.

ஆல்டோ சாக்ஸபோனின் அடிப்படை ஸ்வரங்கள் சுமார் 140இலிருந்து 830 ஹெர்ட்ஸ் வரைதான். ஒரு சாக்ஸபோனை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் குணம், அதாவது ரீடின் (வாய்முனையில் பொருத்திய நாணல் பட்டை) அதிர்வும் மூச்சின் உரசலும், அதற்கு வெகு மேலே, பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கும் மேல்நாதங்களில் இருக்கிறது. அரக்குத் தட்டின் இரைச்சலும் அதே பகுதியில்தான் அதிகம் உறுத்தும். ஆகவே இரைச்சலைக் குறைக்கிறேன் என்று அந்தப் பகுதியை வெட்டினால், இரைச்சலோடு சாக்ஸபோன்களின் முகமும் போய்விடும். நான்கு குரல் ஒரே மங்கலான குரலாகிவிடும். ட்ரம்ஸில் சிட் கேட்லெட்டின் சிம்பல் ஒலியும் காணாமல் போகும். இப்படி வெட்டிய பதிப்பு முதலில் கேட்கச் சுத்தமாக இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது.

1937 ஏப்ரல் பாரிஸ் பதிவும் நல்ல உதாரணம். ஸ்விங் லேபிளின் முதல் தட்டு அது. கார்ட்டரும் ஆந்த்ரே எக்யானும் ஆல்டோ, கோல்மன் ஹாக்கின்ஸும் அலிக்ஸ் கோம்பெலும் டெனர், கிடாரில் ஜாங்கோ ரைன்ஹார்ட், பியானோவில் ஸ்டெஃபான் கிராபெல்லி. 'கிரேஸி ரிதம்'இல் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக வாசிக்கிறார்கள். நல்ல பதிப்பில் இரண்டு ஆல்டோக்களும் இரண்டு மனிதர்கள். எக்யானுக்குப் பின் கார்ட்டர் வரும்போது ஒலியே அகன்று, சாவகாசமாகிவிடுகிறது. மோசமான பதிப்பில் அந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்து, யார் எப்போது மாறினார்கள் என்று புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது வேகம். பெயர் 78 என்றாலும் எல்லாத் தட்டும் சரியாக அந்த வேகத்தில் பதிவானதல்ல. நிமிடத்துக்கு நாலரைச் சுற்று பிசகினால் ஏறக்குறைய அரை ஸ்வரம் நகர்ந்துவிடும். ஷட்ஜம் சுத்த ரிஷபத்தில் போய் நிற்கும். அதில் கால் பங்கு பிசகினாலே சாக்ஸபோனின் குணம் மாறிவிடும், ஏறினால் கிரீச்சிடும், இறங்கினால் சோம்பும். வாத்தியத்தின் சுருதியை வைத்துச் சரிபார்த்து, தட்டுக்குத் தட்டு வேகத்தைத் திருத்துகிறவர் வேண்டும்.

அப்படிப்பட்டவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஜான் ஆர். டி. டேவிஸ். 2004இல் இறந்தார். டெம்பரன்ஸ் செவன் குழுவில் வாசித்த இசைக்கலைஞரும்கூட, அதனால் காதும் இசைக்காரரின் காது. ஒவ்வொரு தட்டின் தேய்மானத்துக்கும் ஏற்ற ஊசியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அவர் வேலை தொடங்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன், டேப்பில் 'டிக்' ஒலி விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக் காந்தப் பூச்சை மட்டும் பிளேடால் சுரண்டி எடுப்பார். சிறு வெடிப்பொலிகள் போகும். மெல்லிய தொடர் இரைச்சல் இருக்கும். இசையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதுதான் சரியான முறை என்பது என் திடமான கருத்து. இதே காரணத்தால், 1980களில் பிரபலமாக இருந்த ராபர்ட் பார்க்கரின் டிஜிட்டல் ஸ்டீரியோ மாற்றங்கள் எனக்கு ஒட்டவில்லை. மோனோவாகப் பதிந்த குழுவுக்கு அகலம் சேர்த்தால் நான்கு சாக்ஸபோன்களின் நெருக்கம்தான் தளர்கிறது.

இந்த வழியில் போனால் எல்லாம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1933க்கு நல்ல பதிப்புகள் உண்டு; பிரிட்டிஷ் இசைக்கோர்ப்பாளர் ஸ்பைக் ஹியூஸோடு சேர்ந்தவையும் கார்ட்டரின் சொந்தக் குழுவினவையும் ஒரே சிடியில் ரிட்ரீவல் என்ற லேபிள் வெளியிட்டிருக்கிறது. கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம் பதிவுகளுக்கு ஆண்டு வரிசைத் தொகுப்பையே நம்பியிருக்கிறேன். அவற்றில் கார்ட்டர் அந்தந்த ஊர்க் கலைஞர்களோடு வாசிக்கிறார், கவனம் பெரும்பாலும் அவர் ஒருவர் மீதே இருப்பதால் ஒலி கொஞ்சம் மங்கினாலும் தாங்குகிறது.

வாங்கும் முன் கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இசையின் நடுவில் கேட்காதீர்கள். கடைசி ஸ்வரம் அடங்கும் இடத்தைக் கேளுங்கள். தட்டின் இரைச்சல் சீராகத் தொடர்ந்து, பிறகு இறங்கினால் நல்லது. ஸ்வரத்தோடு சேர்ந்து இரைச்சலும் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கினாலோ, சட்டென்று முழு நிசப்தமானாலோ, ஒலியை மெஷின் நறுக்கியிருக்கிறது என்று பொருள். ஹெட்போனில் இது உடனே தெரியும்.

1940 நவம்பரில் தொடங்கும் ப்ளூபேர்ட் பதிவுகளுக்கு வந்ததும் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. 'ஆல் ஆஃப் மீ'யில் சாக்ஸபோன் பிரிவு முழுக்க வாசிக்கும் அந்த நீண்ட பகுதி, நான் கேட்ட எந்தப் பதிப்பிலும் தெளிவாகவே இருக்கிறது. ப்ளூபேர்ட், விக்டரின் மலிவு விலை லேபிள். பதிவுக்கூடத்து வேலையில் அந்த மலிவு தெரியவில்லை. அந்தக் காலகட்டத்துக்கு ஆண்டு வரிசை சிடியையே வாங்கிவிடலாம், மிச்சப்படும் பணத்தை 1933க்கு வைத்துக்கொள்ளுங்கள்.