டமியா 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 9சி: பெயிண்டின் தடிமன்தான் எதிரி

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரை 32ல் ஒரு பங்கு அளவில் ஒட்டிக் கட்ட, ஜப்பானின் டமியா நிறுவனம் 2009ல் விட்ட பிளாஸ்டிக் மாதிரி கிட் இது. அதன் பிறகு பெரிய அளவு விமானக் கிட்டுகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் "ஒரே ஒரு ஸ்பிட்ஃபயர் கட்டப்போகிறேன், எதை வாங்கலாம்?" என்று கேட்பவருக்கு இன்றும் தயங்காமல் இதைச் சொல்லலாம். முடித்துவைத்தால் இறக்கை 35 செ.மீ., நீளம் 30 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அடங்கும் அளவு.

பாகங்கள் கச்சிதமாகப் பொருந்தும் என்று எல்லாரும் புகழ்வார்கள். அந்தக் கச்சிதமே இதன் பொறி. இடைவெளியே விடாமல் வார்த்திருப்பதால், ஒட்டும் விளிம்பில் ஒரு கோட் பிரைமர் (அடிப்பூச்சு) ஏறினாலே அடுத்த பாகம் உட்கார அடம்பிடிக்கும். காக்பிட் சட்டங்கள் உடலின் இரு பாதிகளுக்குள் போகும் இடம், இறக்கை உடலோடு சேரும் இடம், எஞ்சின் தாங்கிகள் முன்சுவரில் செருகும் துளைகள் எல்லாவற்றையும் பெயிண்ட் அடிக்கும் முன் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். மறந்திருந்தால் ஒட்டும் முன் கத்தியின் முதுகால் சுரண்டி, வெறும் பிளாஸ்டிக் தெரிய வையுங்கள். இடைவெளியை நிரப்பப் புட்டி தேவைப்படுகிறது என்றால் புட்டியை எடுக்காதீர்கள். எங்கோ ஏதோ ஒரு பாகம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அதைத் தேடுங்கள்.

பெயிண்ட் தடிமன் பற்றிய இந்தப் பேச்சு முழுசாகப் பலிக்கும் இடம் எஞ்சின் மூடிகள். கழற்றி மாட்டும்படி சின்னஞ்சிறு காந்தங்களால் நிற்கின்றன. உள்ளே மெர்லின் 61 எஞ்சின் முழுசாக இருக்கிறது. மூடிகளைப் பெயிண்ட் இல்லாமல் மாட்டிப் பார்த்தால் அழகாகப் பொருந்தும். பிரைமர், நிறம், வார்னிஷ் மூன்றும் ஏறிய பிறகு ஓரத்தில் கோடு திறந்துகொள்ளும். உள்விளிம்பைப் பெயிண்ட் படாமல் வைத்து, ஒவ்வொரு கோட் காய்ந்ததும் மாட்டிப் பார்த்துக்கொண்டே போவதுதான் வழி. காந்தத்தை இரும்பு இடுக்கியால் எடுக்க வேண்டாம்; இடுக்கியோடு ஒட்டிக்கொண்டு இடத்தில் இறங்காது. பிளாஸ்டிக் இடுக்கியோ பல் குத்தும் குச்சி முனையில் புளு-டேக் எனும் ஒட்டுக் களிம்போ போதும். சூப்பர் பசையைக் காந்தத்தின் பின்பக்கம் மட்டும், ஊசி முனையளவு. முகத்தில் வழிந்தால் அந்த மேடு மூடியைத் தூக்கிவிடும்.

திறந்து காட்டுவதா, மூடியே வைப்பதா என்பதைப் பெட்டியைத் திறந்த அன்றே முடிவு செய்வது நல்லது. இரண்டுக்கும் ஆசைப்பட்டு அடிக்கடி கழற்றினால் ஓரப் பெயிண்ட் உரியும். மூடியே வைப்பவர் எஞ்சினுக்குக் கறுப்பு அடித்துவிட்டு நகரலாம். திறப்பவருக்கு வேலை இருக்கிறது: மெர்லினுக்கு 12 சிலிண்டர், சிலிண்டருக்கு 2 ஸ்பார்க் பிளக், ஆக 24 வயர். இந்த அளவில் 0.3 மி.மீ. செம்புக் கம்பி சரியாக இருக்கும். சிம் லிம் டவரில் மின்னணுப் பாகம் விற்கும் கடைகளில் எனாமல் பூசிய கம்பி சுருளாகக் கிடைக்கும். ஒரு சுருள் பல விமானங்களுக்கு வரும். 0.35 மி.மீ. துளையிட்டு, கம்பியை முதலில் வளைத்து, பிறகு செருகுங்கள். செருகிவிட்டு வளைத்தால் துளை பிய்ந்துவிடும்.

கிட்டுக்கென்று தனியாக விற்கும் கூடுதல் செட்டுகளில் பாதி வீண் செலவு. அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகட்டில் வரும் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) செட் அதில் முதலாவது. ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப்புக்கு மேலே, கீழே என்று இரண்டே நிலை. தரையிறங்கியதும் விமானி மூடிவிடுவார். நிற்கும் விமானத்தில் அவற்றைத் தொங்கவிடுவது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மாற்றத் தகுந்தது டயர். கிட்டில் வருவது ரப்பர்; ரெசின் சக்கரம் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். காக்பிட் கதவில் இருக்கும் கடப்பாரைக்குச் சிவப்பு அடிக்க வேண்டாம். அந்தச் சிவப்பு போருக்குப் பிந்தைய அருங்காட்சியக விமானங்களிலிருந்து வந்தது. இருக்கைக்குச் செம்பழுப்பு, அது உலோகமல்ல, பிசின் ஏற்றிய கலவைப் பொருள்.

நிறத்துக்கு டமியா அக்ரிலிக் எக்ஸ்எஃப்-81, 82, 83 மூன்றும் போதும்: அடர்பச்சை, கடல் சாம்பல், அடிப்பகுதிக்கு வெளிர் சாம்பல். வால்பட்டைக்கும் மூக்குக் கூம்புக்கும் எக்ஸ்எஃப்-21 (ஸ்கை எனும் வெளிர் பச்சைச் சாயல்). இங்கேதான் நம்மூர் வானிலை குறுக்கே வரும். மழை பெய்யும்போது லாக்கர் தின்னர் எனும் கரைப்பானைக் கலந்து அடித்தால் பரப்பு வெளிறிப் பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். ஏர்கானை டிரை மோடில் அரை மணி நேரம் ஓடவிட்டு அடியுங்கள், தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சிறிது சேருங்கள். கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் இங்கே ஏர்பிரஷை (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் கருவி) தொடவே கூடாது. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால், தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும், மறுபடி தடிமன் ஏறும். ஸ்பிரே பூத்தின் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடும்போது கீழ்வீட்டார் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். அடுப்பு எரியும்போது சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். முகத்துக்கு ஆர்கானிக் வாயு வடிகட்டி பொருத்திய மாஸ்க். மருத்துவ மாஸ்க் பெயிண்ட் வாடையைத் தடுக்காது.

கிட்டோடு வரும் டீக்கல்கள் (நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்கள்) நிறம் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் தடிப்பு. பிரிட்டிஷ் போர்விமானி ஜானி ஜான்சனின் விமானத்து ஜேஇ-ஜே எழுத்துகளையும் வட்ட அடையாளங்களையும் ஒட்டும் தாளில் மாஸ்க் வெட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டு, சிறிய எழுத்துகளுக்கு மட்டும் டீக்கல் போடுங்கள். அதற்கும் முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு மென்மையாக்கும் திரவம். மங்கல் பரப்பில் போட்டால் அடியில் காற்று தங்கி வெள்ளி போலத் தெரியும்.

சிங்கப்பூர் சம்பந்தமான விமானம் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1954 ஏப்ரல் 1 அன்று சிலேத்தார் விமானத் தளத்திலிருந்து 81வது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) பறக்கவிட்டதுதான் ஆர்ஏஎஃப் எனும் பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயருக்குக் கடைசிப் பணிப் பறப்பு. ஆனால் அது வேவுப் படம் எடுக்கும் பிஆர் 19 ரகம், க்ரிஃபன் எஞ்சின், மூக்கிலிருந்தே வேறு. இந்தக் கிட்டிலிருந்து அதைக் கொண்டுவர முடியாது. தென்கிழக்காசியப் போர்முனைதான் வேண்டும் என்றால் டமியாவின் மார்க் 8 கிட்டை எடுங்கள். உள்ளிழுக்கும் வால்சக்கரம் உட்பட அந்த ரகத்துக்கு உரியவை அதில் இருக்கின்றன. பர்மா பக்கம் பறந்தவற்றில் வட்டங்களுக்கு நடுவே சிவப்பு கிடையாது. ஜப்பானிய அடையாளத்தோடு குழம்பாமலிருக்க நீலத்தின் இரு சாயல்களே. 152வது ஹைதராபாத் ஸ்குவாட்ரனின் கருஞ்சிறுத்தை வரைந்த மார்க் 8 வேண்டும் என்றால், அதற்கான டீக்கல் பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வரவழைத்தால் விலையோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும், பெரிய பெட்டிக்கான அஞ்சல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பல நேரம் உள்ளூர்க் கடையே மலிவாக முடியும். லாக்கர் தின்னரை எப்படியும் இங்கேதான் வாங்க வேண்டும், எரியும் பொருள் என்பதால் விமான அஞ்சலில் ஏற்றமாட்டார்கள்.