ஒரே ரகம், இரண்டு மலை: தேக்காவில் ஒரு காப்பிச் சுவைப்பு

சிங்கப்பூரின் தேக்காவை அடுத்த ஒரு சந்தில் உள்ள சிறிய காப்பிக் கடை, சனிக்கிழமை காலைகளில் நடத்தும் சுவைப்பு அமர்வுக்குச் சென்ற வாரம் என் அண்ணியுடன் போயிருந்தேன். கட்டணம் 28 வெள்ளி. ஒன்றரை மணி நேரத்தில் நான்கு காப்பிகளை அடுத்தடுத்து ருசி பார்க்கலாம். அந்த நான்கையும் அவர்கள் தேர்ந்தெடுத்த விதத்துக்காகவே இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

முதல் இரண்டு கோப்பைகளிலும் இருந்தது எஸ்.795 என்னும் ஒரே ரகம்தான்; அது அராபிக்கா என்னும் காப்பி இனத்தைச் சேர்ந்தது. கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் ஆய்வு நிலையத்தில், இலைத்துரு நோயைத் தாங்குவதற்காக, கென்ட் என்னும் அராபிக்கா ரகத்தை, லைபீரிகா என்னும் வேறொரு காப்பி இனத்தின் மரபு கலந்த எஸ்.288 ரகத்துடன் சேர்த்து இதனை உருவாக்கினார்கள். ஒன்று சுமார் 900 மீட்டர் உயரத்திலும் மற்றொன்று ஏற்காட்டில் 1,400 மீட்டருக்கு மேலும் விளைந்தவை. வறுப்பின் அளவும் நீரின் சூடும் இரண்டுக்கும் ஒன்றே. கீழ்மலைக் காப்பி வாய் நிறைய இருந்தும் விழுங்கியவுடன் மறைந்துவிட்டது. ஏற்காட்டுக் காப்பியோ ஆற ஆறத் தெளிந்தது. முதலில் ஆரஞ்சுப் பழத்தின் இளம்புளிப்பும் பின்னர் கருப்பட்டியின் இனிப்பும் நாக்கில் நெடுநேரம் தங்கின. குளிர்ந்த மலையில் பழம் மெதுவாகப் பழுப்பதால் கொட்டை அடர்ந்து கெட்டிப்படுகிறது என்று விளக்கிய வறுப்பாளர், இரண்டு வகைக் கொட்டைகளையும் எங்கள் உள்ளங்கையில் கொட்டினார். ஏற்காட்டுக் கொட்டையின் நடுக்கோடு இறுக மூடியிருந்தது. மற்றதில் அது அகன்று கிடந்தது. புத்தகத்தில் படித்ததை விரலால் தொட்டு அறிவது தனி மகிழ்ச்சி.

மூன்றாவது கோப்பை பனாமாவின் கெய்ஷா. எத்தியோப்பியாவில் பிறந்து, 2004இல் பனாமாவின் காப்பிப் போட்டியில் உலகின் கவனத்தை ஈர்த்த ரகம் இது. முகர்ந்தால் மல்லிகை மணக்க வேண்டும். இங்கே வறுப்பு ஒரு படி கூடிப்போனதால் மணம் பாதியாக அடங்கியிருந்தது. மரபு எவ்வளவு கொடுத்தாலும் அடுப்பில் அதை இழக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. விலையைக் கருதினால் இது வருத்தம் தரும் குறை.

இறுதியில் வந்தது ரொபஸ்டா என்னும் மற்றொரு காப்பி இனம். அராபிக்காவின் இரு மூதாதைகளுள் ஒன்று இதுவே என்பதும், கஃபீன் ஏறத்தாழ இருமடங்கு என்பதும் அண்ணிக்குப் புதிய செய்தி, ஆனால் முதல் மிடறிலேயே, "அப்பா குடிச்ச கோப்பி ஓ வாசம்!" என்றார். கோப்பி ஓ என்பது பால் சேர்க்காத காப்பி. நம் கோப்பிக் கடைகளின் கசப்பு பெரும்பாலும் இந்த இனத்திலிருந்தே வருவது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். விற்பனைக்கு வைத்துள்ள பொட்டலங்களில் வறுத்த தேதியும் 'சாக்லேட், பாதாம்' என்ற சுவைக் குறிப்பும் இருக்கின்றனவே தவிர, ரகமோ உயரமோ இல்லை. இவ்வளவு அக்கறையோடு கற்பிக்கும் கடை, அந்த இரண்டு வரிகளையும் அச்சிட வேண்டும். வறுப்பாளரைக் கேட்டுத்தான் ஏற்காட்டுப் பொட்டலத்தை அடையாளம் கண்டு, 250 கிராம் வாங்கி வந்தேன். பால் சேர்த்தால் அந்த இளம்புளிப்பு அமுங்கிவிடுகிறது. பாலில்லாமல் குடிப்பதே சிறப்பு. இருக்கைகள் எட்டு மட்டுமே என்பதால் முன்பதிவு செய்துகொண்டு செல்லுங்கள்.