பில் கடையில், பிரதி மேலே: வன்னியில் கிளவுட் பாவித்த அனுபவம்

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் கிளவுட் பில் மென்பொருள் (இணையம் வழியே தூரத்துச் சேர்வர் கணினியில் ஓடுவது) விற்க வருபவர்கள் முதலில் காட்டுவது, கொழும்பில் இருந்தபடியே கைபேசியில் ஸ்டொக் பார்க்கலாம் என்பதைத்தான். அது உண்மைதான். ஆனால் கடையிலும் அரிசி ஆலையிலும் சில போகம் பாவித்த பிறகு தெரிவது வேறு. பில் அடிக்கும் வேலையை முழுதாக மேலே, அதாவது கிளவுட்டுக்கு, ஏற்றினால், ஆட்கள் வரிசையில் நிற்கும்போதுதான் அது கைவிடும். பில் கடைக் கணினியில் அடிபட வேண்டும், அதன் பிரதி மேலே போக வேண்டும்.

இதற்குக் காரணம் வேகம் இல்லை. ஒரு பில் பதிவு சில கிலோபைட்தான். நாளுக்கு 300 பில் போட்டாலும் ஒன்றிரண்டு மெகாபைட்டைத் தாண்டாது. இணைய லைன் விடாமல் நிற்பதுதான் கஷ்டம்.

கரண்ட் போனால் கணினிக்கு யூபிஎஸ் இருக்கும், சுவரில் தொங்கும் பைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் இராது. அவை இரண்டும் சேர்ந்து 15 முதல் 20 வாட்ஸ்தான் இழுக்கும். அவற்றுக்கென்று தனியாக ஒரு 650 விஏ யூபிஎஸ் வைத்தால், உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி புதிதாக உள்ளவரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். அதே யூபிஎஸ்ஸில் கணினியையும் மொனிற்றரையும் சேர்த்துக் கொளுவினால் பத்து நிமிடம்தான். 12 வோல்ட் மினி யூபிஎஸ் இன்னும் மலிவு. ஆனால் வாங்குமுன் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள், சில ரௌட்டர்கள் 9 வோல்ட், சில 5 வோல்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்படியான நாளில் கடைக்குள் என்ன வைத்திருந்தாலும் பயன் குறைவு. கைபேசிக் கோபுரத்துப் பற்றரி இறங்கியதும் சிக்னலும் போய்விடும்.

பைபருக்குத் துணையாக ஒரு 4ஜி சிம் போட்டு, ஒன்று விழுந்தால் மற்றதுக்கு மாறும் ரௌட்டர் வைப்பது நல்ல செலவு. அதில் எல்லோரும் விடும் பிழை ஒன்று உண்டு. பைபர் பெட்டியில் பச்சை லைட் எரியும், ஆனால் வெளியே எங்கோ கேபிள் அறுந்திருக்கும். ரௌட்டர் லைட்டை நம்பிக்கொண்டு மாறாமல் நிற்கும். ரௌட்டர் அமைப்புக்குள் போய், 8.8.8.8, 1.1.1.1 என்ற பொது இணைய முகவரிகள் இரண்டுக்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்த்து மாறும்படி போட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால், அந்த முகவரி பதில் சொல்லாத நேரத்தில் நல்ல லைனையும் விட்டுவிட்டு ஓடும். 4ஜி சிம்மில் பொதுவாக நேரடி வெளி முகவரி கிடைக்காது, அதனால் வெளியிலிருந்து கடைக் கணினிக்குள் நுழைய முடியாது. கடையிலிருந்து மேலே போகும் வயர்கார்ட் சுரங்கம் (விபிஎன் எனும் பாதுகாப்பான தனி இணைப்பு) ஒன்று போட்டு, 25 செக்கனுக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும்படி வைத்தால் வழி திறந்தபடி இருக்கும். சுரங்கம் ஏறியும் பெரிய பக்கங்கள் மட்டும் தொங்கினால், எம்டியூ அளவை (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1420 இலிருந்து 1280 ஆக இறக்கிப் பாருங்கள்.

“கிளவுட் வேலை செய்யவில்லை” என்று வரும் முறைப்பாடுகளில் ஒருவகை கிளவுட்டோடு சம்பந்தமே இல்லாதது. பழைய கணினியில், கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 என்ற வில்லைப் பற்றரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் கணினியின் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். உடனே பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி மறுக்கும். அமேசனின் எஸ்3 போன்ற கிளவுட் கோப்புக் களஞ்சியங்கள் 15 நிமிடத்துக்கு மேல் நேரம் பிசகினாலே கோரிக்கையைத் திருப்பிவிடும். லைன்காரனுக்குத் திட்டு விழும், பிழையோ ஒரு சின்னப் பற்றரியில்.

அடுத்தது இரட்டிப்பு. லைன் இல்லாத நேரம் பதிந்த பில்கள், லைன் வந்ததும் மேலே போகின்றன. சேர்வர் பதிந்துவிட்டு “சரி” என்று அனுப்பும் பதில் நடுவழியில் தொலைந்தால், கடைக் கணினி அதே பில்லைத் திரும்ப அனுப்பும். மேலே இரண்டு பில், ஸ்டொக்கில் 50 மூடைக்குப் பதில் 100 மூடை குறைந்திருக்கும். பெப்ரவரி, மார்ச்சில் நெல் இறங்கும்போது தராசுச் சீட்டில் இது நடந்தால் ஆலைக் கணக்கு நாறிவிடும். மென்பொருள் வாங்குமுன் இதைச் சோதிக்க வேண்டும்: பில் அடித்து அனுப்பும் அதே கணத்தில் ரௌட்டர் வயரைப் பிடுங்குங்கள், பிறகு கொளுவுங்கள். பத்துத் தரம் செய்தும் மேலே பத்து பில்தான் நிற்க வேண்டும். இரண்டு பில் மேசை இருந்தால் ஒவ்வொன்றின் பில் இலக்கத்துக்கும் தனி முன்னெழுத்து கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் 1205 என்று ஒரே இலக்கத்தை வெட்டும்.

சேர்வரை எங்கே வைப்பது? அமெரிக்காவில் வைத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் 200 மில்லி செக்கனுக்கு மேல் போகும். சிங்கப்பூர், மும்பை இரண்டும் நல்லவை. ஆனால் வரைபடத்தில் கிட்ட இருப்பதால் மும்பைதான் வேகம் என்று நினைக்க வேண்டாம், கடற்கேபிள் போகும் வழி வேறு. பாவிக்கும் அதே சிம்மிலும் அதே பைபரிலும், காலையிலும் இரவு எட்டு மணிக்கும் பிங் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

காசு விஷயத்தில் மனம் நோகத்தான் செய்யும். கட்டணம் டொலரில், வருமானம் ரூபாவில். டிஜிட்டல் ஓசன் என்ற கிளவுட் நிறுவனத்தில் ஒரு ஜிபி நினைவகமுள்ள சிறிய சேர்வர் 2022 தொடக்கத்தில் மாதம் 5 டொலர். டொலர் 203 ரூபாவில் நின்றபோது அது ஆயிரத்துச் சொச்சம். அந்த ஜூலையில் விலை 6 டொலர் ஆனது, ரூபாவும் 360 பக்கம் விழுந்திருந்தது, ஆக 2,160. அதே பெட்டி, இரண்டு மடங்குக்கு மேல் காசு. அமேசனில் 2024 பெப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரிக்கும் (சேர்வரின் இணைய இலக்க முகவரி) மணிக்கு 0.005 டொலர் எடுக்கிறார்கள், மாதம் 3.65 டொலர் வரும். சேர்வரை நிறுத்தி வைத்தாலும் டிஸ்க்குக்குக் காசு ஓடும். முதல் நாளே செலவு எச்சரிக்கை போட்டுவிடுங்கள்.

சிசிடிவியை மேலே ஏற்றும் ஆசை வேண்டாம். ஒரு கமரா 2 எம்பிபிஎஸ்ஸில் (செக்கனுக்கு 2 மெகாபிட்) ஓடினால் நாளுக்கு 21 ஜிபிக்கு மேல். 4ஜி லைன் அதையே செய்துகொண்டிருக்கும், பில் போகாது.

காப்புப் பிரதிக்குப் பலர் கூகிள் டிரைவ் கோப்புறையைத்தான் நம்புகிறார்கள். 15 ஜிபி இலவசம், கைக்கு இலகு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை அது அப்படியே பிரதி எடுத்தால், பாதி எழுதிய கோப்புத்தான் மேலே இருக்கும், திறக்காது. முதலில் தரவை டம்ப் எடுத்து (தரவுத்தளத்தையே முழுப் பிரதி ஒன்று தனிக் கோப்பாக எழுத வைத்து), சுருக்கி, அதை அனுப்ப வேண்டும். 60 மெகாபைட் கோப்பு 2 எம்பிபிஎஸ் லைனில் நான்கு நிமிடத்தில் ஏறும். கணினியில் கப்பம் கேட்கும் வைரஸ் பூந்தால், பூட்டிய கோப்பையும் டிரைவ் விசுவாசமாக மேலே கொண்டுபோய் வைக்கும். ஆகவே அழிக்க முடியாதபடி நாள் குறித்துப் பூட்டும் களஞ்சியத்தில் ஒரு பிரதி, கழற்றி வைக்கும் டிஸ்க்கில் ஒரு பிரதி. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட்டில் இப்படித் தாக்குதல் நடந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அந்த இடைக்காலத்துக்குத் தனிப் பிரதி இருக்கவில்லை. மறுபக்கம், 2018 டிசம்பர் வெள்ளம் போல் தண்ணீர் கடைக்குள் ஏறினால், மேசைக்குக் கீழே வைத்த டிஸ்க்கும் கணினியோடுதான் நனையும்.

கணக்கு யாருடைய பெயரில்? இதில்தான் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். அமைத்துக் கொடுத்த தம்பியின் ஜிமெயிலில், அவருடைய சிம்முக்கு ஓடிபி வரும்படி எல்லாம் இருக்கும். அவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விடுவார். முதன்மைக் கணக்கு முதலாளியின் மின்னஞ்சலில் இருக்கட்டும், மீட்புக் குறியீடுகளை அச்செடுத்துக் காணி உறுதியோடு வையுங்கள். கார்ட் காலாவதியாகும் மாதத்தையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

பழைய மென்பொருளில் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டுவது) அடித்த பொருட்பெயர்கள், மேலே ஏறியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஏற்றுமுன் யுனிகோட்டுக்கு மாற்றி, நூறு பெயரையாவது கண்ணால் சரிபாருங்கள். அரிசி வகைகளும் உரப் பெயர்களும் தமிழும் ஆங்கிலமும் கலந்து அடிக்கப்பட்டிருந்தால், மாற்றும் மென்பொருள் ஆங்கிலப் பகுதியையும் தமிழ் எழுத்தாக்கிவிடும்.

வருடத்தில் இரண்டு தரமாவது வெற்றுக் கணினி ஒன்றில் முழுதாக மீட்டுப் பாருங்கள். தரவு இறங்க நிமிடங்கள்தான். பில் பிரிண்டரின் டிரைவரையும் மென்பொருள் உரிமச் சாவியையும் தேடத்தான் அரை நாள் போகும். அவற்றையும் அந்தக் களஞ்சியத்திலேயே ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள்.