டகோமாவுக்கு எந்த ராக் ஸ்லைடர்? குழாய்க்கு முன் தாங்கியைப் பாருங்கள்

டொயோட்டா டகோமா பிக்கப்பின் நான்கு கதவுள்ள டபுள் கேப் வகையில், சிறிய சரக்குப் பெட்டி கொண்ட மூன்றாம் தலைமுறை வண்டிக்கே இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3,236 மி.மீ. நீளம். இரண்டு கதவுள்ள இன்றைய ஜீப் ரேங்லருக்கு அது 2,459 மி.மீ. மட்டுமே. முன் சக்கரம் ஏறித் தாண்டிய பாறை, பின் சக்கரத்தை அடைவதற்குள் வண்டியின் வயிற்றுப் பகுதியைக் கடந்தாக வேண்டும். கூடுதலாக இருக்கும் அந்த முக்கால் மீட்டரில்தான் டகோமாவின் ராக்கர் பேனல், அதாவது கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்புப் பெட்டி, அடிவாங்குகிறது. அது மெல்லிய தகட்டை மடித்துச் செய்த பகுதி. கேபினின் கட்டமைப்போடு ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டது. நன்றாக உள்வாங்கிவிட்டால் கதவு சரியாகச் சாத்தாது. சரிசெய்ய வெட்டி, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். பெரிய டயருக்கும் உயர்த்திய சஸ்பென்ஷனுக்கும் முன்னால் இந்த வண்டிக்கு வாங்க வேண்டியது, ராக்கர் பேனலைக் காக்க அதன் ஓரமாகப் பொருத்தும் குழாயான ராக் ஸ்லைடர்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஏறி இறங்குவதற்காகக் கதவோரம் மாட்டும் படிக்குழாயை ஸ்லைடர் என்று நினைத்து வாங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். படிக்குழாய் பெரும்பாலும் சிறிய தாங்கிகளால் கேபினின் அடித்தகட்டிலேயே பிடித்திருக்கும். ஒரு மனிதரின் எடைக்கு அது போதும். பாறையில் வண்டி அமர்ந்தால் அந்தக் குழாயே மேலே மடங்கிக் கதவுக்குள் புகும். வெறும் தகட்டைவிடக் கூடுதல் சேதம் செய்யும். ஸ்லைடர் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பிடித்திருக்க வேண்டும். இதில் ஒப்பிட வேறெதுவும் இல்லை.

போல்ட்டா, வெல்டிங்கா?

ஸ்லைடர் வாங்குவோரின் பேச்சு பெரும்பாலும் குழாய் எந்த ரகம் என்பதைச் சுற்றியே ஓடுகிறது. நான் முதலில் பார்ப்பது, அந்தக் குழாயைச் சேசிஸோடு இணைக்கும் தாங்கிகளை. காரணம் எளிய கணக்கு. டகோமாவின் எடை ஏறத்தாழ இரண்டு டன். ஒரு பக்கம் முழுவதும் பாறையில் அமர்ந்தால் ஸ்லைடர் மேல் ஒரு டன் இறங்குகிறது. குழாய், சேசிஸிலிருந்து 25 செ.மீ. வெளியே தள்ளியிருந்தால் சேசிஸின் மேல் விழும் திருகல் சுமார் 2,450 நியூட்டன்-மீட்டர். தாங்கியின் அடித்தட்டு 10 செ.மீ. உயரம்தான் என்றால், அதன் மேல்முனையும் கீழ்முனையும் ஏறத்தாழ இரண்டரை டன் விசையோடு எதிரெதிராக இழுபடும். தட்டின் உயரம் 15 செ.மீ. ஆனால் அந்த விசை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மூன்று, நான்கு தாங்கிகள் பகிர்ந்துகொள்ளும் என்று ஆறுதல் கொள்ள முடியாது. பாறை ஒரு தாங்கிக்கு நேர் கீழே வந்தால் பாரம் பெரும்பாலும் அந்த ஒன்றின் மேல்தான். எனவே சேசிஸின் பக்கவாட்டில் உயரமாகப் பரந்த தட்டும், அடிப்பக்கமாகவும் வந்து தாங்கும் மடிப்பும் உள்ள தாங்கியைத் தேடுங்கள்.

வெல்டிங் செய்த ஸ்லைடர், நல்ல கைகளில், இந்த விசையை மிகச் சிறப்பாக வாங்கிக்கொள்கிறது. தளர்வதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆனால் தாங்கியை நேரடியாகச் சேசிஸில் வைத்து ஒட்டுவது தவறு. இடையே சுமார் 5 மி.மீ. தடிமனுள்ள தட்டு வைத்து, பாரத்தைப் பரப்ப வேண்டும். தட்டின் ஓரங்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். சேசிஸுக்குக் குறுக்காக நேர் செங்குத்தாக ஓடும் வெல்டிங் கோடு, பின்னாளில் விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, எர்த் பிடிப்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுவது, எரிபொருள் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் வெப்பம் படாமல் மறைப்பது ஆகியவற்றைச் சொல்லாமலே செய்பவரிடம்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.

வெல்டிங்குக்கு எதிராக நிற்கும் பெரிய வாதம் துரு. குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் டகோமாவின் சேசிஸ் துரு பெரிய கதை. 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களும் வேறு சில மாடல்களும் தொடர்பான வழக்கில் 2016-இல் டொயோட்டா சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு, சேசிஸ்களைச் சோதிக்கவும் மாற்றித் தரவும் முன்வந்தது. அத்தகைய சேசிஸில் வெல்டிங் செய்யும்போது வெளிப்பூச்சைச் சுரண்டி எடுக்கிறோம். உள்ளே இருக்கும் பூச்சு வெப்பத்தில் எரிகிறது. வெளியே மறுபடி பூசலாம். உட்புறத்துக்கு நீண்ட குழாய்முனை வைத்து மெழுகுப் பூச்சு தெளிக்காமல் விட்டால், உப்புத் தண்ணீர் அங்கிருந்து வேலையைத் தொடங்கும். பென்சில்வேனியாவிலோ நியூயார்க்கிலோ ஓட்டுபவருக்கு நான் வெல்டிங்கைப் பரிந்துரைக்க மாட்டேன். அரிசோனாவில் இருப்பவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

போல்ட் வகையில் தரம் மிகவும் வேறுபடுகிறது. சேசிஸில் தொழிற்சாலையே விட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்தி, இருபுறமும் தட்டு வைத்து இறுக்கும் வகை நம்பகமானது. யு-போல்ட்டை மட்டும் நம்பும் வகை எனக்குப் பிடிக்காது. பக்கவாட்டு அடியில் நகர்ந்துவிடும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை டகோமாவின் சேசிஸ் முன்பகுதியில் மூடிய பெட்டி வடிவம், பின்பகுதியில் திறந்த 'சி' வடிவம். 2024-இல் வந்த நான்காம் தலைமுறையில் முழுவதும் மூடிய பெட்டி. மூடிய பகுதியை ஊடுருவி போல்ட் போனால் உள்ளே ஒரு இரும்பு உருளை இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் பெட்டிச் சுவர்கள் உள்ளே அமுங்கும், இறுக்கமும் நிற்காது. வாங்கும் தொகுப்பில் அந்த உருளைகள் வருகின்றனவா என்று கேளுங்கள்.

குழாய்: தடிமனா, விட்டமா?

இங்கே டிஓஎம் எனப்படும் குழாய்க்கு ஒரு பெரும் மதிப்பு இருக்கிறது. மடித்து ஓரம் ஒட்டிய சாதாரணக் குழாயையே ஒரு உட்கம்பியின் மேல் குளிர்நிலையில் இழுத்துச் சீராக்கினால் கிடைப்பது டிஓஎம். நிரந்தரமாக வளையத் தொடங்கும் வரம்பு அதில் கணிசமாக உயர்வு. சாதாரணக் குழாயில் 300 மெகாபாஸ்கலை ஒட்டி இருப்பது டிஓஎம்மில் 400 முதல் 480 வரை போகிறது. அந்த மதிப்பு நியாயமானதே. ஆனால் விறைப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களும் ஒரே பாரத்தில் ஒரே அளவு தொய்யும். டிஓஎம் திரும்பி வரும் எல்லை மட்டும் அதிகம். தொய்வின்போது குழாய் ராக்கர் பேனலைத் தொடக்கூடாது என்பதுதான் நம் கவலை என்றால், உலோக ரகத்தைவிட அளவுதான் முக்கியம்.

சந்தையில் பரவலாகக் கிடைப்பது 1.75 அங்குல வெளிவிட்டம், 0.120 அங்குலச் சுவர். இதை வலுவாக்க இரண்டு வழிகள். சுவரை 0.188 அங்குலமாக்கினால் எடை 50 சதவீதம் ஏறுகிறது, வளைவுக்கு எதிரான விறைப்பு 39 சதவீதம் கூடுகிறது. சுவரைத் தொடாமல் விட்டத்தை 2 அங்குலமாக்கினால் எடை 15 சதவீதம்தான் ஏறுகிறது, விறைப்போ 53 சதவீதம் கூடுகிறது. குழாயின் வடிவக் கணிதம் இவ்வளவு தெளிவாக ஒரு பக்கம் சாயும்போது, தடித்த சுவரை மட்டும் பெருமையாகச் சொல்லும் விளம்பரங்களைக் கண்டு நான் மயங்குவதில்லை.

தடித்த சுவர் வெல்லும் இடமும் உண்டு. கூர்மையான பாறைமுனை ஒரே புள்ளியில் குத்தும்போது மெல்லிய சுவர் குழிந்துவிடும்; குழிந்த இடத்தில் குழாயின் வலு சரியும். வாரந்தோறும் பாறையில் ஏறுபவர் 0.188 வாங்கட்டும். மற்றவர்களுக்கு 2 அங்குலம், 0.120 சுவர், டிஓஎம் என்பதே என் தேர்வு. செவ்வகக் குழாயில் தாங்கியை ஒட்டுவது எளிது, விறைப்பும் நன்று. ஆனால் அதன் மூலை பாறையில் சிக்கும். உருண்டை வழுக்கிக்கொண்டு போகும். பெயருக்கேற்ற வேலை அதுதான்.

அலுமினியம்

எடை பாதியாகக் குறையும் என்பதுதான் ஈர்ப்பு. எஃகு ஸ்லைடர் ஜோடி 45 முதல் 75 கிலோ வரை போகும். டகோமாவின் சுமைத் திறன் பல வகைகளில் 500 கிலோவை ஒட்டித்தான். கூரைக் கூடாரம், குளிர்பெட்டி, தண்ணீர், நான்கு பேர் என்று ஏற்றிப் பாலைவனப் பயணம் போகிறவருக்கு 30 கிலோ மிச்சம் சிறிய விஷயமல்ல.

பாறைக்கு மட்டும் நான் அதை வேண்டாம் என்பேன். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. அதை ஈடுகட்டப் பெரிய, தடித்த வடிவம் தேவை. எடை மிச்சத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். 6061-டி6 என்ற அலுமினியக் கலவை ரகம் பொதுவாகப் பயன்படுவது. வெல்டிங் வெப்பம் பட்ட இடத்தைச் சுற்றி அதன் வலு கணிசமாக இறங்கும், மறுபடி வெப்பப் பதப்படுத்தல் செய்தால்தான் திரும்பும். பாரம் குவிவதும் அதே இணைப்பில்தான். எஃகு, பாறையில் உராய்ந்து நகரும். அலுமினியம் மென்மையானது என்பதால் பாறை அதைக் கீறி உள்ளே பிடித்துக்கொள்ளும். உப்புச் சாலைகளில் எஃகு சேசிஸும் அலுமினியத் தாங்கியும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிமானம் வேறு.

சாய்வும் பின்வளைவும்

ஸ்லைடர் தட்டையா, சாய்வா என்பதை முடிவு செய்வது, எந்தத் தடத்தில் ஓட்டுகிறீர்கள் என்பது. கலிபோர்னியாவில் லூன் ஏரியிலிருந்து டாஹோ ஏரிப் பக்கம் இறங்கும் 22 மைல் ரூபிகான் தடத்தில் பெரிய கிரானைட் உருண்டைகள். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து பாறையின் மேல் கதவை வைக்கப் பார்க்கும். அங்கே தட்டையாக, நன்றாக வெளியே நீண்ட ஸ்லைடர் உடலைப் பாறையிலிருந்து தள்ளி வைக்கிறது. யூட்டாவின் மோவாப் பகுதியில் மணற்பாறைப் படிக்கட்டுகள். படியின் விளிம்பில் வயிறு அமரும். அங்கே 15, 20 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்லைடர் தரை இடைவெளியைக் காப்பாற்றுகிறது. சாய்ந்ததில் கால்வைத்து ஏறுவது சிரமம், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் குறிப்பாக. பின்முனையில் வெளியே வளைந்த பகுதி இரண்டு இடத்திலும் பயன்படும். மரத்தையோ பாறையையோ ஒட்டித் திரும்பும்போது அது வண்டியின் பின்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. சரக்குப் பெட்டியின் கீழ்மூலையை எந்த ஸ்லைடரும் முழுமையாகக் காப்பதில்லை என்பதால் டகோமாவுக்கு இந்த வளைவை நான் கட்டாயமாகவே கருதுகிறேன்.

பூச்சைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. பவுடர் கோட்டிங் அழகாக இருக்கும். முதல் பாறையில் பெயரும். பெயர்ந்த ஓரத்தில் ஈரம் நுழைந்து தோலாக உரியும். துத்தநாகப் பிரைமருக்கு மேல் சாதாரணக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஸ்பிரே டப்பாவால் தொட்டுவிடலாம். பாறையில் போகிற வண்டிக்கு இதுவே மேல்.

மாட்டும்போது குழாய்க்கும் கேபினின் அடிவிளிம்புக்கும் இடையே குறைந்தது ஓர் அங்குலம் விடுங்கள். போல்ட் வகையென்றால் தாங்கித் தட்டு சேசிஸில் அமரும் முகத்தில் தடித்த பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி, மெல்லிய பிரைமர் மட்டும் பூசி இறுக்குங்கள். தடித்த பூச்சு நாளடைவில் நசுங்க, போல்ட்டின் இழுவிசை குறைந்துவிடும். முதல் சில நூறு மைல்களுக்குப் பிறகும், ஒவ்வொரு பாறைப் பயணத்துக்குப் பிறகும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். நட்டின் மேலும் தட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுவைத்தால், எது நகர்ந்திருக்கிறது என்பது வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாலே தெரியும்.